கடலடி எண்ணெயும் டெக்ஸஸின் தீர்ப்பும்

அமெரிக்காவில் 1952 நவம்பர் 4 அன்று நடந்த அதிபர் தேர்தலில், டெக்ஸஸ் மாநிலம் குடியரசுக் கட்சி வேட்பாளர் ட்வைட் ஐசனோவருக்கு 11,02,878 வாக்குகளை அளித்தது. ஜனநாயகக் கட்சியின் அட்லாய் ஸ்டீவன்சன் பெற்றவை 9,69,228. வித்தியாசம் 1,33,650. உள்நாட்டுப் போருக்குப் பிறகு டெக்ஸஸ் மக்கள் ஓர் அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியைத் தேர்ந்தெடுத்தது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான்: 1928இல் ஹெர்பர்ட் ஹூவரை. நான்கு ஆண்டுகளுக்கு முன்புகூட ஜனநாயகக் கட்சியின் ஹாரி ட்ரூமனுக்கு அங்கே பதிவான வாக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விழுந்திருந்தது.

இந்தத் தலைகீழ் மாற்றத்துக்குக் கொரியப் போர், ஐசனோவரின் போர்க்களப் புகழ், வாஷிங்டன் நிர்வாகத்தின் ஊழல் புகார்கள் எனப் பல காரணங்கள் இருந்தன. இவை நாடு முழுவதற்கும் பொது. டெக்ஸஸ் மேடைகளில் இவற்றுக்கு இணையாக ஒலித்த உள்ளூர்ப் பிரச்சினை ஒன்று உண்டு. மெக்சிகோ வளைகுடாவின் கரையோரக் கடலடி நிலமும் அதன் அடியில் உள்ள எண்ணெயும் மாநிலத்துக்குச் சொந்தமா, ஒன்றிய அரசுக்குச் சொந்தமா என்பதே அது. இயற்கை வளத்தின் மீதான உரிமை தேர்தல் முழக்கமாகும்போது என்ன நடக்கும், யாருக்கு என்ன கிடைக்கும் என்பதை அறிய 1952 டெக்ஸஸைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

மூன்று லீக் எல்லை

டெக்ஸஸ் 1836இல் மெக்சிகோவிடமிருந்து பிரிந்து தனிக் குடியரசானது. அந்த ஆண்டு டிசம்பரில் குடியரசின் அவை இயற்றிய எல்லைச் சட்டம், நாட்டின் எல்லை கரையிலிருந்து கடலுக்குள் மூன்று லீக் தூரம் செல்வதாக வகுத்தது. மூன்று லீக் என்பது சுமார் 10.35 மைல். 1845இல் அமெரிக்காவுடன் இணைந்தபோது டெக்ஸஸ் தன் கடனைத் தானே சுமக்க ஒப்புக்கொண்டது. அதற்கு ஈடாகத் தன் பொதுநிலங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. மற்ற மேற்கு மாநிலங்களில் பொதுநிலம் ஒன்றிய அரசின் உடைமையாக இருக்க, டெக்ஸஸில் மட்டும் அது மாநிலத்தின் உடைமை.

அந்த நிலங்களின் வருமானம் எங்கே போனது என்பது அரசியலில் பெரும் வேலை செய்தது. 1854இல் 20 லட்சம் டாலர் முதலீட்டில் டெக்ஸஸ் ஒரு நிரந்தரப் பள்ளி நிதியத்தை உருவாக்கியது. 1876ஆம் ஆண்டு அரசியல் சட்டம் பொதுநிலங்களில் பெரும்பகுதியைப் பள்ளிகளுக்கென ஒதுக்கியது. பிற்பாடு கடலடி நிலத்தின் கனிம வருவாயும் இந்த நிதியத்துக்கே உரியதானது. மூன்று லீக் தூரத்துக்குள் அடங்கிய கடலடி நிலம் 20 லட்சம் ஏக்கருக்கு மேல். ‘கடலை வாஷிங்டன் எடுத்துக்கொண்டால் உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடப் பணம் போய்விடும்’ என்று சாதாரணக் குடும்பத்திடம் சொல்ல முடிந்தது. எண்ணெய்க் கிணற்றைக் கண்ணால் பார்த்திராத பருத்தி விவசாயிக்கும் இது புரிந்தது.

எண்ணெய் டெக்ஸஸுக்குப் புதிதல்ல. 1901இல் போமன்ட் அருகே ஸ்பிண்டில்டாப்பில் பீறிட்ட எண்ணெயும், 1930இல் கிழக்கு டெக்ஸஸில் கண்டறியப்பட்ட பெரும் எண்ணெய் வயலும் மாநிலத்தின் பொருளாதாரத்தையே மாற்றியமைத்திருந்தன. ஆனால் கடலுக்குள் துளையிடுவது 1940களில்தான் வேகம் பிடித்தது. 1947இல் லூசியானா கடற்பகுதியில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் கெர்-மெகீ நிறுவனம் எண்ணெய் எடுத்துக் காட்டியது. வரைபடத்தில் வெறும் நீலமாக இருந்த பரப்புக்கு ஒரே நாளில் விலை வந்தது.

ஒரே நாளில் இரு தீர்ப்புகள்

கண்டத்திட்டின் இயற்கை வளங்கள் அமெரிக்காவின் அதிகார வரம்புக்கு உட்பட்டவை என்று அதிபர் ட்ரூமன் 1945 செப்டம்பரில் பிரகடனம் செய்தார். அது உலக நாடுகளை நோக்கிய அறிவிப்பு. நாட்டுக்குள் யாருக்கு உரிமை என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. 1947இல் கலிஃபோர்னியா வழக்கில் உச்ச நீதிமன்றம், கரையோரக் கடலின் மீது மேலான உரிமை ஒன்றிய அரசுக்கே என்று தீர்ப்பளித்தது. கடலைக் காப்பதும் அயல்நாடுகளுடன் அதைப் பற்றிப் பேசுவதும் தேசத்தின் கடமை. எனவே அதன் வளமும் தேசத்துக்கே என்பது தீர்ப்பின் அடிப்படை.

டெக்ஸஸ் தன்னைத் தனி ரகமாகக் கருதியது. தனி நாடாக இருந்து இணைந்த மாநிலம் என்பதால் கலிஃபோர்னியா தீர்ப்பு தனக்குப் பொருந்தாது என்று நம்பியது. 1948 தேர்தல் பயணத்தின்போது ட்ரூமனும் டெக்ஸஸின் நிலை தனியானது என்ற தொனியிலேயே பேசியிருந்தார். தேர்தல் முடிந்து, டிசம்பரில் ஒன்றிய அரசு டெக்ஸஸ் மீது வழக்குத் தொடுத்தது. 1950 ஜூன் 5 அன்று 4-க்கு 3 என்ற கணக்கில் டெக்ஸஸ் தோற்றது. இணைந்தபோதே மற்ற மாநிலங்களுக்குச் சமமான நிலையை டெக்ஸஸ் ஏற்றுக்கொண்டது. இறையாண்மையை விட்டுக்கொடுத்தபோது கடலின் மீதான உரிமையும் சேர்ந்தே போய்விட்டது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. டெக்ஸஸ் முன்வைக்க விரும்பிய வரலாற்றுச் சான்றுகளை விசாரிக்காமலே இந்த முடிவு எடுக்கப்பட்டது என்பது அம்மாநிலத்தின் ஆறாத மனக்குறை ஆனது.

அதே ஜூன் 5 அன்று அதே நீதிமன்றம் இன்னொரு டெக்ஸஸ் வழக்கிலும் தீர்ப்பளித்தது. ஹீமன் ஸ்வெட் என்ற கறுப்பின மாணவரை டெக்ஸஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பு. இரண்டு வழக்குகளிலும் மாநிலத்தின் சார்பில் நின்றவர் அதன் அட்டர்னி ஜெனரல் பிரைஸ் டேனியல். இரண்டிலும் அவர் ஏந்திய வாதம் மாநில உரிமை. இந்த ஒரு நாளை மறந்துவிட்டு 1952 தேர்தலைப் படிக்கக் கூடாது. ‘வாஷிங்டன் தலையிடுகிறது’ என்ற கோபத்தில் எண்ணெயும் இருந்தது, நிறவெறியும் இருந்தது. பள்ளிக் குழந்தைகளின் பெயரால் பேசப்பட்ட அந்தப் பள்ளிகள் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனியாக நடந்தவை. இனப் பாகுபாட்டை வெளிப்படையாகச் சொல்லத் தயங்கியவர்களுக்குக் கடலடி நிலம் ஒரு கண்ணியமான முழக்கத்தைத் தந்தது.

கட்சி பிளந்த கதை

தீர்ப்பை மாற்ற ஒரே வழி காங்கிரஸில் சட்டம் இயற்றுவது. மாநிலங்களுக்கு உரிமையை வழங்கும் சட்டத்தை ட்ரூமன் 1946இலேயே ஒரு முறை நிராகரித்திருந்தார். 1952 மே 29 அன்று இரண்டாவது முறையாகவும் நிராகரித்தார். அதன்பின் கணக்கு எளிது: அடுத்த அதிபர் யார் என்பதைப் பொறுத்தே கடலடி நிலத்தின் விதி.

அப்போது டெக்ஸஸ் ஆளுநர் ஆலன் ஷிவர்ஸ். 1949இல் ஆளுநர் போஃபர்ட் ஜெஸ்டர் பதவியிலேயே காலமானதால் துணை ஆளுநராக இருந்த ஷிவர்ஸ் அந்த நாற்காலிக்கு வந்தார். ஜனநாயகக் கட்சிக்காரரான அவர் மாநிலக் கட்சியைத் தன் கைக்குள் வைத்திருந்தார். 1952 ஜூலையில் சிகாகோவில் நடந்த கட்சியின் தேசிய மாநாட்டில், மவுரி மேவரிக் தலைமையிலான போட்டிக் குழுவை ஒதுக்கிவிட்டு ஷிவர்ஸின் குழுவுக்கே இருக்கை கிடைத்தது. மாநாட்டுக்குத் தலைமை வகித்த சாம் ரேபர்னும் ஒரு டெக்ஸஸ்காரர். கட்சி வேட்பாளரை ஆதரிப்பதாக ஷிவர்ஸ் தனக்கு வாக்குக் கொடுத்தார் என்று ரேபர்ன் பின்னர் சொன்னார். அப்படி வாக்குத் தரவில்லை என்றார் ஷிவர்ஸ்.

ஆகஸ்டில் ஷிவர்ஸ் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டுக்குச் சென்று ஸ்டீவன்சனைச் சந்தித்து, கடலடி நிலத்தைப் பற்றி நேரடியாகக் கேட்டார். ட்ரூமனின் நிலைப்பாடே தன் நிலைப்பாடு என்று ஸ்டீவன்சன் பூசி மெழுகாமல் பதில் சொன்னார். 24 எலக்டோரல் (தேர்வாளர் குழு) வாக்குகள் கொண்ட மாநிலத்தை இழக்க நேரும் என்று தெரிந்தே சொன்ன பதில் அது. வாக்குக்காகக் கொள்கையை வளைக்காத அந்த நேர்மை அன்றும் இன்றும் மதிக்கத்தக்கது. செப்டம்பரில் அமரில்லோ நகரில் கூடிய டெக்ஸஸ் ஜனநாயகக் கட்சி மாநாடு, வாக்குச்சீட்டில் ஸ்டீவன்சன் பெயரைக் கட்சி வேட்பாளராக வைத்துக்கொண்டே, கடலடி நிலம் மாநிலங்களுக்கே என்று வாக்குறுதி தந்திருந்த ஐசனோவருக்குக் கட்சிக்காரர்கள் வாக்களிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஷிவர்ஸின் வழியில் சென்றவர்களுக்கு ‘ஷிவர்கிராட்’ என்ற பெயர் நிலைத்தது.

குடியரசுக் கட்சிக்குள்ளும் டெக்ஸஸ் ஒரு புயலைக் கிளப்பியிருந்தது. டெக்ஸஸில் அதுவரை குடியரசுக் கட்சி கையடக்கமான சிறு கட்சி. அதன் பழைய தலைமை, கட்சி வேட்பாளராவதற்கு ஐசனோவருடன் போட்டியிட்ட செனட்டர் ராபர்ட் டாஃப்டின் பக்கம். 1952 மே மாதம் வட்டாரக் கூட்டங்களுக்கு ஐசனோவர் ஆதரவாளர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்தார்கள். அவர்களில் பலர் நேற்றுவரை ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்தவர்கள். அவர்களைத் திரட்டியவர்களில் முன்னின்றவர் ஹூஸ்டன் எண்ணெய்த் தொழிலதிபர் ஜாக் போர்ட்டர். மினரல் வெல்ஸில் நடந்த மாநில மாநாட்டில் டாஃப்ட் அணி அவர்களை ஓரங்கட்டியது. விவகாரம் சிகாகோ தேசிய மாநாட்டுக்குப் போனது. டெக்ஸஸின் 38 பிரதிநிதி இடங்களில் 33 ஐசனோவர் அணிக்கும் 5 டாஃப்ட் அணிக்கும் கிடைத்தன. ஐசனோவர் கட்சி வேட்பாளர் ஆவதற்கே இந்த டெக்ஸஸ் சண்டை கைகொடுத்தது.

இரண்டு பத்திகளில் ஒரே பெயர்கள்

1952இல் டெக்ஸஸ் வாக்காளர் கையில் கிடைத்த வாக்குச்சீட்டு விசித்திரமானது. 1951இல் வந்த மாநிலச் சட்டம் ஒரே ஆள் இரண்டு கட்சிகளின் வேட்பாளராகவும் நிற்க அனுமதித்தது. ஷிவர்ஸும், செனட் இடத்துக்குப் போட்டியிட்ட பிரைஸ் டேனியலும் உட்பட மாநில அளவிலான ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் ஏறக்குறைய எல்லோருமே குடியரசுக் கட்சியின் பத்தியிலும் இடம்பெற்றார்கள். மறுத்தவர் வேளாண் ஆணையர் பதவிக்கு நின்ற ஜான் வைட் ஒருவரே. ஐசனோவரின் பெயருக்குக் கீழே பார்த்தால் பழகிய ஆளுநர், பழகிய அட்டர்னி ஜெனரல், பழகிய நில ஆணையர். தலைமுறை தலைமுறையாகக் கட்சி மாறாத குடும்பங்களுக்கு அந்தப் பத்தியில் வாக்களிப்பது துரோகமாகத் தோன்றாமல் போனதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

வாக்குச்சாவடிக்கு வர முடிந்தவர்கள் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. டெக்ஸஸில் வாக்களிக்கத் தலைவரி கட்ட வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது 1 டாலர் 75 சென்ட். ஜனவரி 31க்குள், அதாவது வேட்பாளர் யார் என்றே தெரியாத காலத்தில், அதைக் கட்டி ரசீது வாங்கியிருக்க வேண்டும். கறுப்பின மக்களையும் மெக்சிகோ வம்சாவளியினரையும் ஏழை வெள்ளையரையும் இந்த வரி வடிகட்டியது. டெக்ஸஸ் மாநிலத் தேர்தல்களில் இந்த முறை 1966 வரை நீடித்தது. எனவே ‘டெக்ஸஸ் மக்களின் தீர்ப்பு’ என்று சொல்லும்போது, வரி கட்டி ரசீது வைத்திருந்தவர்களின் தீர்ப்பு என்றே அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் ஸ்டீவன்சனுக்காக டெக்ஸஸில் பிரச்சாரப் பொறுப்பைச் சுமந்தவர் ரேபர்ன். ஐசனோவர் 1890இல் பிறந்த டெனிசன் நகரம் ரேபர்னின் சொந்தத் தொகுதிக்குள் இருந்தது. மாநிலத்தின் பெரிய தலைவர்கள் பலர் அணி மாறிய நிலையில், கட்சிக்குக் கட்டுப்பட்டு நின்ற அவருக்கு இது தனித்துப் போராடிய தேர்தல். செனட்டர் லிண்டன் ஜான்சன் கட்சி வேட்பாளரை ஆதரித்தார். ஆனால் எண்ணெய்த் தொழிலதிபர்களைப் பகைத்துக்கொள்ளாத அளவோடு நிறுத்திக்கொண்டார்.

லூசியானா சொல்லும் பாடம்

வாக்குப் பதிவு 20 லட்சத்தைத் தாண்டியது. 1948ஐவிடப் பல லட்சம் அதிகம். ஐசனோவருக்கு 53.13 சதவீதம், ஸ்டீவன்சனுக்கு 46.69 சதவீதம். டல்லஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ போன்ற பெருநகர்ப் பகுதிகள் ஐசனோவர் பக்கம் சாய்ந்தன. தெற்கே டுவல் போன்ற மாவட்டங்கள் ஸ்டீவன்சனுடன் நின்றன. நாடு முழுவதிலும் ஐசனோவர் 442 எலக்டோரல் வாக்குகள் பெற்றார், ஸ்டீவன்சன் 89. டெக்ஸஸின் 24ஐக் கழித்தாலும் ஐசனோவரே அதிபர்.

கடலடி எண்ணெய்தான் டெக்ஸஸைப் புரட்டியது என்று அடித்துச் சொல்வோர், பக்கத்து மாநிலமான லூசியானாவைப் பார்க்க வேண்டும். கடலடி எண்ணெயில் அதற்கு டெக்ஸஸைவிடப் பெரிய பங்கு இருந்தது. அதன் ஆளுநர் ராபர்ட் கெனனும் ஜனநாயகக் கட்சிக்காரராக இருந்துகொண்டே ஐசனோவரை ஆதரித்தார். ஆனாலும் லூசியானா ஸ்டீவன்சனுக்கே வாக்களித்தது. வளம் இருந்தது, வழக்கு இருந்தது, ஆளுநரின் ஆதரவும் இருந்தது. முடிவு மட்டும் வேறு. டெக்ஸஸில் கூடுதலாக இருந்தவை மூன்று: தனி நாடாக இருந்த பெருமித நினைவு, கடலைப் பள்ளிக்கூடத்தோடு இணைத்த நிதியம், ஒரே முகங்களை இரண்டு பத்திகளிலும் காட்டிய வாக்குச்சீட்டு. வேகமாக வளர்ந்துவந்த நகரங்களின் புதிய நடுத்தர வர்க்கமும் இவற்றோடு சேர்ந்தது. எண்ணெய் இந்த எல்லாவற்றுக்கும் பொதுவான பேச்சுமொழியாகப் பயன்பட்டது.

வாக்குறுதி சட்டமான விதம்

பதவி விலகுவதற்குச் சில நாட்கள் முன்பு, 1953 ஜனவரி 16 அன்று, ட்ரூமன் கடலடி எண்ணெயைக் கடற்படையின் இருப்பாக அறிவித்து ஆணையிட்டார். புதிய அரசு அதைக் கடந்து சென்றது. செனட்டில் மாநில உரிமை மசோதா வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆரிகன் செனட்டர் வெய்ன் மோர்ஸ் ஏப்ரல் 24 தொடங்கி மறுநாள் வரை 22 மணி 26 நிமிடம் அவையில் இடைவிடாது பேசினார். அதுவரை செனட்டில் நிகழ்ந்த மிக நீண்ட உரை அது.

அலபாமா செனட்டர் லிஸ்டர் ஹில் வைத்த மாற்று யோசனை இன்னும் ஆழமானது. கடலடி எண்ணெயின் வருமானத்தை ஒன்றிய அரசு பெற்று, நாட்டின் எல்லா மாநிலங்களிலும் கல்விக்குச் செலவிட வேண்டும் என்றார் அவர். டெக்ஸஸ் தன் குழந்தைகளுக்காகக் கேட்டதை ஹில் கடலே இல்லாத மாநிலங்களின் குழந்தைகளுக்கும் சேர்த்துக் கேட்டார். அந்தத் திருத்தம் தோற்றது. 1953இல் நழுவவிடப்பட்ட மிகப் பெரிய வாய்ப்பு அது. மாநிலத்துக்கு ஒரு பங்கு, நாட்டின் கல்விக்கு ஒரு பங்கு என்று பிரித்திருக்க முடியும். ‘எங்களுடையதா, உங்களுடையதா’ என்று தேர்தல் மேடையில் கேட்டுப் பழகிய பிறகு, பங்கிடும் பேச்சுக்கு இடம் இல்லாமல் போயிற்று.

1953 மே 22 அன்று ஐசனோவர் கடலடி நிலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலங்கள் தங்கள் வரலாற்று எல்லை வரையிலான கடலடி நிலத்துக்கு உரிமை பெற்றன. அதற்கு அப்பால் உள்ள கண்டத்திட்டு ஒன்றிய அரசுக்கே என்று ஆகஸ்டில் இன்னொரு சட்டம் சொன்னது. நாடு முழுவதற்கும் சொந்தமானதைச் சில மாநிலங்களுக்குக் கொடுக்கலாமா என்று அலபாமாவும் ரோட் ஐலண்டும் எழுப்பிய வழக்கை 1954இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒன்றிய அரசின் உடைமையை என்ன செய்வது என்பது காங்கிரஸின் அதிகாரம் என்றது. டெக்ஸஸின் எல்லை மூன்று மைலா, மூன்று லீக்கா என்ற கடைசிச் சிக்கல் 1960 மே மாதம் தீர்ந்தது. 1836ஆம் ஆண்டு எல்லைச் சட்டத்தின் வலுவில் டெக்ஸஸுக்கு மூன்று லீக் கிடைத்தது. அதே வழக்கில் லூசியானாவுக்குக் கிடைத்தது மூன்று மைல்தான்.

யாருக்கு என்ன கிடைத்தது

இவ்வளவு போராடிப் பெற்ற பரப்பில் எதிர்பார்த்த அளவு எண்ணெய் இல்லை. வளைகுடாவின் பெரும் எண்ணெய் வளம் லூசியானாவுக்கு எதிரேயும், மாநில எல்லைகளுக்கு அப்பால் ஒன்றிய அரசின் ஆழ்கடல் பகுதியிலும் கண்டறியப்பட்டது. டெக்ஸஸ் கடற்பகுதியில் கிடைத்ததில் எரிவாயுவே கூடுதல். நிரந்தரப் பள்ளி நிதியம் இன்று 5,000 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள பெருநிதியமாக வளர்ந்துள்ளது. அந்த வளர்ச்சியில் தரைநிலக் கனிம வருவாய்க்கும் முதலீடுகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

அரசியலில் விளைவு நீண்டது. 1956இல் ஐசனோவர் சுமார் 55 சதவீதத்துடன் டெக்ஸஸை மீண்டும் வென்றார். 1960இல் ஜான்சனைத் துணை அதிபர் வேட்பாளராகச் சேர்த்துக்கொண்டும் கென்னடியால் சுமார் 46 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில்தான் அங்கே வெல்ல முடிந்தது. டெக்ஸஸை வென்ற கடைசி ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் 1976இல் ஜிம்மி கார்ட்டர். உள்ளூரில் ஒரு கட்சி, அதிபருக்கு வேறு கட்சி என்று 1952இல் தொடங்கிய பழக்கம் சில பத்தாண்டுகளில் முழு மாற்றமாக முடிந்தது.

டெக்ஸஸின் உரிமைக் கோரிக்கை வெறும் பேராசை அல்ல. அதற்கு வரலாற்றுச் சான்று இருந்தது. 1960 தீர்ப்பு அந்தச் சான்றுக்கு மதிப்பளித்தது. வாஷிங்டனின் வாதமும் வெறும் அதிகார ஆசை அல்ல. கடலைக் காக்கும் செலவு எல்லோருடையது என்றால் அதன் வரவிலும் எல்லோருக்கும் பங்கு உண்டு என்பது நியாயமே. இரண்டு நியாயங்கள் மோதும் இடத்தில் தேவைப்படுவது நிதானமான பங்கீடு. தேர்தல் அதை ஆம்-இல்லை கேள்வியாகச் சுருக்கியது. இனப் பாகுபாட்டின் சுமையையும் அதன் மேல் ஏற்றியது. முடிவில் ஒரு தரப்புக்கு முழுவதையும் கொடுத்தது.

இருந்தாலும் டெக்ஸஸிடம் கற்க வேண்டிய நல்ல பாடம் ஒன்று உண்டு. எண்ணெய்ப் பணம் அரசின் அன்றாடச் செலவில் கரைந்துவிடாமல், முதல் அழியாத நிதியமாக, பள்ளிகளுக்கென்று சட்டத்தால் கட்டப்பட்டு இருந்தது. மக்கள் அந்த வளத்தைத் தங்களுடையது என்று உணர்ந்ததற்குக் காரணம் அந்தக் கட்டுதான். வளம் மிக்க நிலப்பரப்பில் வாக்குக் கேட்டு வரும் எந்தத் தலைவரிடமும் கேட்க வேண்டிய கேள்வியும் இதிலிருந்தே வருகிறது. உரிமையை வாங்கித் தருவதாக அவர் சொல்வது போதாது. வரும் பணம் எந்தக் கணக்கில் சேரும், யாருக்காகச் செலவாகும், அதை யார் தணிக்கை செய்வார்கள் என்பதை வாக்களிக்கும் முன்பே அவர் எழுத்தில் சொல்ல வேண்டும்.